பல நாடு பார்த்த விருந்தாளிக்கு இந்தியாவில் கடைசி ஊர் எது? தேர்வு செய்வது எப்படி?

உங்கள் டீமில் இருக்கும் ஜெர்மன்காரரோ ஆஸ்திரேலியக்காரரோ மூன்று வார விடுமுறையில் இந்தியா வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், வாரணாசி எல்லாம் ஏற்கெனவே புக் ஆகிவிட்டது. கடைசியில் நாலு நாள் மட்டும் காலியாக இருக்கிறது. "நீதான் இந்தியன் ஆச்சே, எங்கே போகலாம்னு நீயே சொல்லு" என்கிறார்.

கேள்வி சுலபமாகத்தான் தெரியும். கோவா, கேரளா, லடாக் என்று வாயில் வந்த மூன்று பெயரைச் சொல்லிவிடுவோம். ஆனால் கேட்பவர் பெட்ரா, அங்கோர் வாட், மச்சு பிச்சு என்று ஒரு சுற்று வந்தவர். கடற்கரையும் கோட்டையும் அவருக்குப் புதிதல்ல. இந்தியாவுக்கு இன்னொரு முறை வருவாரா என்பதும் தெரியாது. கடைசி நாலு நாளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அலைச்சல் மிஞ்சும். ரொம்பத் தப்பாகப் போனால் ஊர் திரும்பும் விமானமே போய்விடும்.

எந்த ஊர் என்று பார்ப்பதற்கு முன்னால், எப்படி முடிவு செய்வது என்று பார்த்துவிடலாம்.

கடைசி ஊருக்கு ஏன் இவ்வளவு யோசனை?

2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் குழுவின் பரிசோதனை ஒன்று புகழ்பெற்றது. 1993-ல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் ஒரு முறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்தக் கூடுதல் 30 விநாடியில் மட்டும் நீர் மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது. 'இரண்டில் எதை மறுபடி செய்வீர்கள்?' என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்தக் கஷ்டம் அதில்தான் அதிகம். ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அதுதான் மனதில் நின்றது.

ஒரு அனுபவத்தை நாம் அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே பெரும்பாலும் நினைவில் வைக்கிறோம் என்பது அவர்கள் கண்டது. பயணம் என்பது குளிர்ந்த நீர் இல்லைதான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். டூர் முடிந்து வந்தவரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், முதலில் சொல்வது பெரும்பாலும் கடைசி ரெண்டு நாள் கதையைத்தான்.

முதலில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்

1. விமானம் எங்கிருந்து கிளம்புகிறது? கடைசி ஊரைப் பின்னாலிருந்துதான் திட்டமிட வேண்டும். டெல்லியில் விமானம் ஏற வேண்டியவருக்குக் கொச்சியை முடிவிடமாகச் சொல்வது, அவருடைய நாலு நாளில் ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. புறப்படும் நகரத்திலிருந்து நேரடி விமானத்திலோ பகல் நேர ரயிலிலோ ஆறு ஏழு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. இ-விசாவில் வருபவர் குறிப்பிட்ட நுழைவிடங்கள் வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆனால் வெளியேறும்போது, அனுமதிக்கப்பட்ட எந்தக் குடியேற்றச் சோதனை மையம் வழியாகவும் போகலாம். டெல்லியில் இறங்கி கொச்சியில் கிளம்புவதற்குத் தடை இல்லை.

2. இதுவரை எதை அதிகமாகப் பார்த்திருக்கிறார்? ராஜஸ்தானில் ஐந்து கோட்டை ஏறி இறங்கியவருக்கு ஆறாவது கோட்டை மனதில் ஒட்டாது. உலகப் பயணத்திலும் அப்படித்தான். தாய்லாந்தும் பாலியும் பார்த்தவரைக் கடற்கரைக்கு அனுப்பினால், அதையும் இதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

3. உடம்பு எப்படி இருக்கிறது? மூன்று வாரம் சாலை, ரயில், விடியற்காலை எழுந்திருப்பது, புதுச் சாப்பாடு. கடைசி ஊரில் ஒரே அறையில் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும். தினமும் பெட்டி கட்டுகிற மாதிரி திட்டம் போட்டால், எவ்வளவு நல்ல ஊராக இருந்தாலும் சலித்துவிடும்.

பார்க்கும் ஊர் போதும், பங்கேற்கும் ஊர் வேண்டும்

ஊர் பார்த்துப் பழகியவருக்கு இன்னொரு காட்சி பெரிதாகத் தெரியாது. டிக்கெட் எடுத்து, போட்டோ பிடித்து, அடுத்த இடத்துக்கு நகர்வதை இருபது நாடுகளில் செய்தவர் அவர். அவருக்குக் கிடைக்காதது வேறு. ஊர்க்காரர்களோடு ஒரு வரிசையில் உட்காருவது, கையால் ஒரு வேலை செய்வது, ஒரே தெருவில் இரண்டாம் முறை நடக்கும்போது டீக்கடைக்காரர் அடையாளம் கண்டு சிரிப்பது.

அதனால் ஒரு ஊரைப் பரிசீலிக்கும்போது 'அங்கே என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அங்கே போய் இவர் என்ன செய்வார்?' என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் இருக்கும் ஊர்தான் கடைசி ஊராக நிற்கும்.

டெல்லியிலிருந்து கிளம்புகிறாரா? அமிர்தசரஸ்

டெல்லியிலிருந்து சுமார் 450 கி.மீ. சதாப்தி, வந்தே பாரத் ரயில்களில் ஆறு மணி நேரம் போல ஆகும். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வெளிநாட்டுப் பயணிகளின் வழக்கமான டெல்லி - ஆக்ரா - ஜெய்ப்பூர் முக்கோணத்துக்கு வெளியே இருப்பதால், பலர் விட்டுவிடும் ஊர்.

பொற்கோயிலுக்குள் நுழைய கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஹர்மந்திர் சாஹிப்புக்கு நான்கு பக்கமும் வாசல் இருப்பதற்கே, எல்லோருக்கும் திறந்த இடம் என்று பொருள் சொல்வார்கள். சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தம் 1604-ல் இங்கேதான் முதன்முதலாக வைக்கப்பட்டது. இரவில் அந்த நூலைப் பல்லக்கில் வைத்து அகால் தக்துக்குக் கொண்டுபோகும் சடங்கு நடக்கும். அதைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஆனால் உங்கள் நண்பர் மறக்காமல் இருக்கப் போவது லங்கர் என்ற சமையல்கூடத்தையாகத்தான் இருக்கும். இரவு பகலாக இயங்கும். தினமும் பல்லாயிரம் பேர் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். கோடீஸ்வரரும் கூலித் தொழிலாளியும் ஒரே பாயில், ஒரே மாதிரி தட்டோடு உட்காருவார்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதில்லை. பூண்டு உரிக்கிற இடத்தில் போய் உட்காரலாம், ரொட்டி தேய்க்கலாம், பாத்திரம் கழுவும் வரிசையில் நிற்கலாம். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள், விண்ணப்பமும் இல்லை. உலகத்தின் எந்தப் பெரிய வழிபாட்டுத் தலத்துக்குப் போனாலும் வெளிநாட்டவர் பார்வையாளர்தான். இங்கே பத்து நிமிடத்தில் அவர் கையில் ஒரு வேலை வந்துவிடும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று, குறுகலான வழியை மறித்து நின்ற ஜெனரல் டயரின் படை, தப்பிக்க வழியில்லாத கூட்டத்தின் மீது சுட்டது. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸின் விசாரணை, ஆயிரம் பேர் அளவில் என்று மதிப்பிட்டது. குண்டு பட்ட சுவர்கள் இன்னும் இருக்கின்றன.

பழைய டவுன் ஹாலில் 2017-ல் திறக்கப்பட்ட தேசப் பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. சாதாரண மக்கள் எல்லை தாண்டும்போது கொண்டுவந்த பொருட்களும், அவர்கள் குரலில் பதிவான நினைவுகளும்தான் அதன் பலம். ஒரு புல்காரி கோட்டும் ஒரு தோல் பெட்டியும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. பிரிவினைக்கு முன்பே திருமணத்துக்காக அறிமுகமான ஒரு ஆணும் பெண்ணும் கலவரத்தில் பிரிந்து, அகதி முகாமின் சாப்பாட்டு வரிசையில் மறுபடி சந்தித்தார்கள். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள். கோட்டு அவருடையது, பெட்டி இவருடையது. பெர்லின் சுவரைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இதை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

மூன்று இரவுக்கான திட்டம் இப்படி இருக்கலாம்:

- முதல் நாள்: காலை ரயிலில் டெல்லியிலிருந்து கிளம்பி மதியம் போய்ச் சேருங்கள். ஓய்வு. மாலை மயங்கும் நேரத்தில் பொற்கோயில், இரவுப் பல்லக்குச் சடங்கு வரை அங்கேயே இருக்கலாம்.
- இரண்டாம் நாள்: காலையில் குல்ச்சா. பிறகு ஜாலியன்வாலா பாக், பிரிவினை அருங்காட்சியகம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். இரண்டுமே மனதை அழுத்தும் இடங்கள், மதியத்தைக் காலியாக விடுங்கள். மாலை லங்கரில் சேவை.
- மூன்றாம் நாள்: பக்கத்து ஊரான ஜண்டியாலா குரு. பித்தளை, செம்புப் பாத்திரங்களைக் கையால் தட்டிச் செய்யும் தட்டேராக்களின் கைவினை, 2014-ல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாலையில் அட்டாரி எல்லையின் கொடியிறக்கத்துக்குப் போகலாம். எல்லை நிலவரத்தைப் பொறுத்து அது மாறும் என்பதால், அன்றைய நிலையை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.
- நான்காம் நாள்: மறுபடி ஒருமுறை விடியற்காலையில் பொற்கோயில், பிறகு டெல்லி.

அமிர்தசரஸ் விமான நிலையத்திலிருந்தே சில வெளிநாட்டு நகரங்களுக்கு நேரடி விமானம் உண்டு. உங்கள் நண்பரின் பாதைக்கு அது பொருந்தினால், டெல்லிக்குத் திரும்பவே வேண்டாம்.

மும்பையிலிருந்து கிளம்புகிறாரா? எல்லோரா அல்லது அகமதாபாத்

கல்லும் சிற்பமும் பிடித்தவரானால் சத்ரபதி சம்பாஜிநகர், அதாவது பழைய அவுரங்காபாத். மும்பையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். சுமார் 30 கி.மீ. தூரத்தில் எல்லோரா, 100 கி.மீ. தூரத்தில் அஜந்தா. இரண்டும் 1983-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆனவை.

'பெட்ரா பார்த்துட்டேன்' என்பவரை எல்லோராவின் 16-ம் குகை முன்னால் நிறுத்துங்கள். பெட்ராவில் பிரமிக்க வைப்பது பாறையில் குடைந்த முகப்புகள். கைலாசநாதர் கோயிலோ முழுக் கோயிலாக, சுற்றி வரும் அளவுக்கு, மலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்தில், மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே பார்த்துவிட்டு, பக்கவாட்டுக் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள். எவ்வளவு பாறையை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அங்கேதான் உறைக்கும். எல்லோராவுக்கு ஒரு முழு நாள், அஜந்தாவுக்கு ஒரு முழு நாள். எல்லோரா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அஜந்தா திங்கட்கிழமை. நாள் தெரியாமல் டிக்கெட் எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நகரம், கட்டடக்கலை, சாப்பாடு என்பவரானால் அகமதாபாத். இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற அந்தஸ்து 2017-ல் கிடைத்தது. 'போல்' எனப்படும் பழைய குடியிருப்புச் சந்துகளில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். காலை நேரப் பாரம்பரிய நடை காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும். லே கார்பூசியே, லூயி கான் என்று உலகம் கொண்டாடும் இரண்டு கட்டடக் கலைஞர்களின் வேலையும் இங்கே இருக்கிறது. காந்தி 1930 மார்ச் 12 அன்று தண்டிக்கு நடக்கத் தொடங்கியது சபர்மதி ஆசிரமத்திலிருந்துதான். மதுவிலக்கு உள்ள மாநிலம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு.

கொச்சி, பெங்களூரு, கொல்கத்தா

கொச்சி: மூன்று வாரம் வட இந்தியாவில் அலைந்து களைத்தவருக்கு ஏற்றது. ஃபோர்ட் கொச்சியில் எல்லாமே நடக்கும் தூரம். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தேவாலயம், வாஸ்கோட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் இரண்டையும் பார்க்கலாம். கதகளியை மட்டும் பார்க்காமல், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் முகத்துக்கு வண்ணம் தீட்டுவதிலிருந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து விமான நிலையம் தூரம், இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

பெங்களூரு: ஹம்பி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழான விஜயநகரத் தலைநகரம். ஹொசப்பேட்டைக்கு இரவு ரயில் இருக்கிறது. சைக்கிள் எடுத்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே சுற்றலாம், பரிசலில் துங்கபத்திரையைக் கடக்கலாம். திரும்பி வந்து அதே நாள் விமானம் ஏறும் திட்டம் மட்டும் கூடாது.

கொல்கத்தா: துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். குமார்துலியில் களிமண் கடவுளாக மாறுவதைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

நம்ம ஊருக்கே கூப்பிடலாமா?

விமானம் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பினால், தாராளமாக. சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகப் போகிறவர் திருச்சியிலிருந்தே கிளம்பலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அப்படியானால் தஞ்சாவூர் அருமையான கடைசி ஊர். 1010-ல் முடிந்த பெரிய கோயிலை மாலையில் பாருங்கள், அப்போது அங்கே ஊர்க்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில், மெழுகில் உருவம் செய்து வெண்கலம் வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் டெல்லியில் விமானம் ஏற வேண்டியவரை, ஊர்ப் பாசத்தில் இரண்டு நாளுக்காக இவ்வளவு தூரம் இழுக்காதீர்கள். 'அடுத்த தடவை நேரா எங்க ஊருக்கு வாங்க' என்று சொல்வதும் உபசாரம்தான்.

கடைசி ஊராக வேண்டவே வேண்டாம்

- லே: சுமார் 3,500 மீட்டர் உயரம். உடம்பு பழகவே இரண்டு நாள் வேண்டும். வானிலை கெட்டால் விமானம் ரத்தாகும். நடுப் பயணத்தில் வையுங்கள்.
- டிசம்பர் கடைசி, ஜனவரியில் வாரணாசியும் ஆக்ராவும்: மூடுபனியில் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், சாலைப் பயணமும் ஆபத்து. வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு விடுமுறை என்பது தனிச் சிக்கல்.
- மழைக்காலத்தில் இமாச்சல், உத்தராகண்ட் மலைப்பாதைகள்: ஒரு நிலச்சரிவு போதும், விமானம் போய்விடும்.
- அந்தமானும் வடகிழக்கின் உள்பகுதிகளும்: பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒரு இணைப்பு தவறினால் மொத்தமும் சரியும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

தேதி: வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும். 15-ம் தேதி அதிகாலை 1.30 என்றால், 14-ம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படித்தவர்களே தவறுகிற இடம் இது.

இடைவெளி: உள்நாட்டு விமானமும் வெளிநாட்டு விமானமும் தனித்தனி டிக்கெட் என்றால், முதலாவது தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முடிந்தால் முந்தின நாளே புறப்படும் நகரத்துக்கு வந்துவிடுவது நல்லது. டெல்லி, மும்பையில் டெர்மினல் மாற வேண்டியிருக்கலாம், அது சாலை வழிப் பயணம்.

நுழைவுக் கட்டணம்: அஜந்தா, எல்லோரா போன்ற இடங்களில் நமக்கு 40 ரூபாய், பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். வாசலில் நின்று சங்கடப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

நினைவுப் பொருட்கள்: கடைசி ஊரில்தான் ஷாப்பிங் நடக்கும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேல் பழமையான சிலை, ஓவியம் போன்றவற்றை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. புதிதாகச் செய்த வெண்கலச் சிலைகூட பழையது போலத் தெரிந்தால் கேள்வி வரும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய சிலை என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். பஷ்மினா வாங்கலாம், ஷாதூஷ் சால்வை சட்டவிரோதம்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் பார்த்து நீங்கள் ஒரு ஊரைச் சொன்னாலும், திட்டத்தில் ஒரு அரை நாளை எழுதாமல் விடுங்கள். எங்கும் போக வேண்டாம், எதையும் பார்க்க வேண்டாம். முதல் நாள் போன கடைக்கே மறுபடி போய் ஒரு டீ குடிக்கட்டும். 'நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன்' என்று சொல்ல அவருக்கு அந்த ஊரில் ஒரு ஆள் இருந்தால், நீங்கள் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.